இரண்டாவது தடவை கூப்பிட்டால்

தம்பி, கோபம் இருந்தால் இருக்கட்டும். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விழுப்புரத்தில் உனக்கு இரண்டாவது இன்டர்வியூ. போன மாதம் முதல் ரவுண்டு போய்விட்டு வந்தாயே, அந்த ஆஸ்பத்திரிதான். உன் போன் அணைந்தே கிடக்கிறதாம், பயோடேட்டாவில் இரண்டாவதாகப் போட்டிருந்த என் நம்பருக்குக் கூப்பிட்டார்கள். நான் அப்போது விக்கிரவாண்டி தாண்டி டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். மரியாதையான ஒரு பெண் குரல். "ஃபார்மசிஸ்ட் போஸ்ட்டுக்கு செகண்ட் ரவுண்டு சார். கண்டிப்பா வருவாருங்களா?" என்று கேட்டது. ஒரு காதில் போன், ஒரு கையில் டிக்கெட் மிஷின், முன்னாலும் பின்னாலும் ஜனம் நெருக்குகிறது. "வருவாம்மா, கண்டிப்பா வருவான்" என்று சொல்லிவிட்டேன். என்னோடு பேசாமல் இருக்கிற பிள்ளைக்காக எந்தத் தைரியத்தில் வாக்குக் கொடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அன்றைக்கே திண்டிவனம் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் உன் சிநேகிதன் ரியாஸின் செல்போன் கடைக்கு ஓடினேன். நீ அவன் ரூமில்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா என்ன? "டேய் ரியாஸு, ஜல்தி அவன்கிட்ட சொல்லு, வெள்ளிக்கெழம பத்து மணி" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினேன். அடுத்த ட்ரிப்பில் போய்க் கேட்டால், "சொல்லிட்டேங்கப்பா" என்கிறான். "இன்னாடா சொன்னான்?" "பாக்கலாம்னாங்கப்பா." அந்தக் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டில் பாக்கலாம் என்றால் சரி என்றும் அர்த்தம், முடியாது என்றும் அர்த்தம். முகத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். உன் முகத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? அதனால்தான் எழுதி ரியாஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படிப்பான். படிக்கட்டும், கடைக்கு வருகிறவர்களும் படிக்கட்டும், எனக்கு இப்போது மானம் ஒரு பொருட்டில்லை.

போன வாரம் உன்னைப் பார்த்தேன். ஸ்டாண்டில் ஜூஸ் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாய். இளைத்திருந்தாய். நம் வண்டி உள்ளே திரும்பியதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழ வண்டிகளுக்குப் பின்னால் நடந்து போய்விட்டாய். கூப்பிட வாயைத் திறந்தேன். வாயில் விசில். டிரைவர் கியர் போட்டுவிட்டார், பின்னால் வேறு வண்டி ஹாரன் அடிக்கிறது. என்ன செய்வது, ஊதினேன். வண்டி கிளம்பிவிட்டது. மயிலம் கூட்டுரோடு வரைக்கும் யாரிடமும் நான் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை, ஒரு அம்மா திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

நீ கெட்டிக்காரன். இதை உன் முகத்துக்கு நேராக நான் சொன்னதே இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் முதல் ரவுண்டில் உன்னை அசைக்க ஆள் கிடையாது. எந்த மாத்திரையோடு எந்த மாத்திரை சேராது, குழந்தைக்கு எவ்வளவு, கர்ப்பிணிக்கு எது கூடாது என்று கேட்டால் கடகடவென்று சொல்லிவிடுவாய். எல்லாரும் இரண்டாவது தடவை கூப்பிடுகிறார்கள். அங்கேதான் நமக்குக் கண்டம். இரண்டாவது தடவை மருந்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், உன்னைப் பற்றிக் கேட்பார்கள். நீ எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை வைத்திருந்தாய்.

விழுப்புரத்தில் அந்தப் பெரிய மருந்துக்கடையில் உனக்கு வேலை இல்லை என்று ஆனதும் உன்னிடம் சொல்லாமல் நான் போய் அந்த மேனேஜரைப் பார்த்தேன். உனக்கு அது எவ்வளவு அவமானம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். "உங்க பையன் மருந்துல கில்லாடிங்க. ஆனா ஞாயித்துக்கெழம வர முடியுமான்னு கேட்டேன், பாக்கலாம் சார்ன்னாரு. நைட் ஷிப்ட்டு? பாக்கலாம் சார். ரெண்டு வருசமாவது இருப்பீங்களா? பாக்கலாம் சார். விருப்பம் இல்லாத ஆள வச்சிக்கினு நான் இன்னாங்க பண்றது?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் கேட்டது எல்லாவற்றுக்கும் நீ சரி என்றுதான் சொல்லியிருக்கிறாய்! அதற்கு முன்னால் இன்னொரு கடைக்காரன், "நீ வேலைக்கே வர வேணாம், உன் சர்டிபிகேட்ட மட்டும் கடையில மாட்டிக்கிறேன்" என்று கேட்டானே, அவனிடமும் நீ பாக்கலாம் என்றுதான் சொன்னாய். அங்கே அதற்கு முடியாது என்று அர்த்தம். அவன் சரி என்று எடுத்துக்கொண்டு, சர்டிபிகேட் எப்போது வரும் என்று நமக்குப் போன் போட்டு உயிரை எடுத்தான். என்ன பேஜாரு பிடித்த வார்த்தை இது!

நம் வீட்டில் யாரும் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. உன் அக்காவிடம் மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "பாக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிட்டாள். மறுநாளே பத்திரிகை அடிக்க ஆள் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கலாமா என்று கேட்டால் உன் அம்மா பாக்கலாம் என்பாள், அப்போதே மிளகாய் வறுபடும் நெடி வந்துகொண்டிருக்கும். ஆனால் நான் மட்டும் இந்த வார்த்தையை எப்போதும் வெறுத்தேன். என் பிழைப்பு அப்படி. விழுப்புரம் போவுமா என்று கேட்டால் போவும், போவாது, இரண்டில் ஒன்றுதான். படியில் கால் வைத்துக்கொண்டு கேட்கிறவனிடம் பாக்கலாம் என்று சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவான்.

அதனால்தான் உனக்குப் பாடம் நடத்துகிறேன் என்று கிளம்பினேன். திண்டிவனத்தில் அந்த மருந்துக்கடையிலிருந்து இரண்டாவது தடவை கூப்பிட்டபோது உன்னை விட்டேனா? நான் முதலாளியாம், கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். நீ எதிரில் நின்றாய். ஞாயித்துக்கெழம வருவியா? வர்றேன் சார். வேற ஊரு கிளைக்குப் போவியா? போறேன் சார். நடுவில் உன் வாயில் 'பா' என்று வந்தாலே கட்டில் சட்டத்தை ஓங்கித் தட்டினேன். "யாரு இன்னா சொன்னாலும் செய்றேன்னு சொல்லுடா, அது போதும்" என்று கத்தினேன். உன் அம்மா உள்ளேயிருந்து, "ஏங்க, புள்ளய இந்த வாங்கு வாங்கிக்கினு இருக்கீங்களே, அவனுக்குத் தெரியாதா?" என்றாள். அவளையும் அடக்கினேன். நீ தலையைக் குனிந்தபடி செய்றேன் செய்றேன் என்று சொல்லிக்கொண்டே நின்றாய். இருபத்தைந்து வயதுப் பிள்ளையை அப்படி நிறுத்தி வைத்திருக்கிறோமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இன்டர்வியூ அன்றைக்கு டூட்டியை மாற்றிக்கொண்டு நானும் கூடவே வந்தேன். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. "நான் வரட்டுமா?" என்று கேட்டதற்குப் பாக்கலாம் என்றாய், நான் என் இஷ்டத்துக்குச் சரி என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாக மூடவில்லை, பேச்சு நன்றாகக் கேட்டது. முதலாளி அம்மாவும் பார்மசி படித்தவர்தானாம், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பார்த்துக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை? வர்றேன் மேடம். விழுப்புரம் கிளை? போறேன் மேடம். ஸ்டாக் எடுக்கிற அன்றைக்கு லேட்டாகும்? இருக்குறேன் மேடம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலை கிடைத்தாயிற்று என்றே நினைத்துவிட்டேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "ஒரு பெரிய மனுசன் வர்றாரு. எனக்கு ரொம்ப வேண்டியவரு. டாக்டர் சீட்டு இல்ல, தூக்க மாத்திரை கேக்குறாரு. நானே போன் பண்ணி குடுப்பான்னு சொல்றேன். குடுப்பீங்களா?"

நீ திரும்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாய். பாவி நான், தலையை ஆட்டினேன். குடுக்குறேன்னு சொல்லுடா என்று ஆட்டினேன். அப்போது நீ பார்த்த பார்வை இன்றைக்கு வரைக்கும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ அந்தப் பக்கம் திரும்பி, "குடுக்குறேன் மேடம்" என்றாய். அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "ஏம்மா, சொல்பேச்சு கேக்குற புள்ளைங்க. நீங்க எது சொன்னாலும் செய்வான்" என்று கையைக் கூப்பினேன். "அதாங்க பயமா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "மொத தடவ கூப்பிட்டப்ப மருந்து தெரியுதான்னு பாத்தோம். அது நல்லாவே தெரியுது. ரெண்டாவது தடவ, யாரு சொன்னா தப்பு பண்ணுவாருன்னு பாக்குறதுக்குத்தாங்க கூப்பிடுறோம்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். நம் வீட்டுக்குப் போகிற விழுப்புரம் வண்டி நின்றது, நான் ஏறிவிட்டேன், நீ ஏறவில்லை. "ஏறுடா" என்றேன். "சீட்டு இல்லாம குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. படிச்சிருக்கேன். நீங்கதான் தலையாட்டினீங்க" என்றாய். அவ்வளவுதான். கூட்டத்தில் போய்விட்டாய். நான் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த வண்டிக் கண்டக்டர், தெரிந்த பையன்தான், "ண்ணா, உள்ள போங்கண்ணா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னால் அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் மல்லாட்டை உடைத்துக் கடலை எடுத்துக்கொண்டே அவளாகப் பேச ஆரம்பித்தாள். "அவன் எங்கிட்டதாங்க அந்தப் பேச்சக் கத்துக்கினான். நான் எங்கப்பாகிட்ட கத்துக்கினேன். கண்டாச்சிபுரத்துல எங்கப்பா ஊராங்க காட்டுலதான காலம் பூரா வேல செஞ்சாரு. 'நாளைக்கும் வாடா, ராத்திரி தண்ணி பாய்ச்சுடா'ன்னுவாங்க. எங்கப்பா முடியாதுங்கன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. சொன்னா அடுத்த நாளு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. எல்லாத்துக்கும் சரிங்கன்னு சொன்னா உசுரு மிஞ்சாது. அதனால பாக்கலாங்கன்னுவாரு. எங்க வீட்டுல முடியாதுங்குறதுக்கு அது ஒண்ணுதாங்க வார்த்த." இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. சோம்பேறிப் பேச்சு, தைரியமில்லாத பேச்சு என்று உங்கள் இரண்டு பேரையும் நான் எத்தனை கேலி பேசியிருப்பேன்! அன்றைக்கு டூட்டிக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

நான் மட்டும் என்ன பெரிய தைரியசாலி? பாசஞ்சரிடம்தான் என் அதட்டல் எல்லாம். பண்டிகை நாளில் வண்டி எடுக்கச் சொல்லி முதலாளி கூப்பிட்டால் வர்றேங்க என்கிறேன். இன்னும் ஒரு ட்ரிப் அடி என்றால் அடிக்கிறேங்க என்கிறேன். முட்டி இரண்டும் தேய்ந்துபோய், ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. முதலாளியும் கவனித்துவிட்டார், புதுப் பையன் ஒருவனைக் கூடவே ஏற்றிவிடுகிறார், வேலை கற்றுக்கொடு என்கிறார். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். அதற்கும் சரிங்க என்றுதான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைத்தான் உனக்கும் கட்டில் சட்டத்தைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் ஒன்று, தம்பி. நீ ஒரே ஒரு ஆளிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறாய். என்னிடம். ஞாபகம் இருக்கிறதா? முட்டி வலிக்கு நான் பாட்டுக்கு அட்டை அட்டையாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ காலேஜ் கடைசி வருஷம். அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாய். "குடுடா இங்க" என்று கையை ஓங்கினேன். "முடியாதுப்பா. இதத் தெனமும் போட்டா கிட்னி போயிடும். அடிங்க, ஆனா குடுக்க மாட்டேன்" என்றாய். அன்றைக்கு உன் வாயில் பாக்கலாம் வரவில்லை. அந்தத் திண்டிவனத்து அம்மாவிடம் நீ சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான், அது ஏற்கெனவே உன்னிடம் இருந்தது, நான்தான் தட்டித் தட்டி உள்ளே அனுப்பிவிட்டேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: நீ போன பிறகு மறுபடியும் அந்த மாத்திரையைப் போடுகிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கேட்டேன், தெரிந்த மனுஷன், சீட்டும் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை வந்துவிடப்பா. உன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். இந்த ஆஸ்பத்திரியையும் விட்டுவிட்டால் நீ மறுபடி எந்தக் கதவையும் தட்ட மாட்டாய் என்று எனக்கு பயமாக இருக்கிறது. டெலிவரி வேலைக்கு மெட்ராஸ் போகப் போகிறாய் என்று ரியாஸ் வாயைவிட்டான். அதுவும் வேலைதான், கேவலம் இல்லை. ஆனால் ஒருத்தன் உயிரைக் காப்பாற்றுகிற படிப்பைப் படித்துவிட்டு, உன் அப்பன் தலையாட்டியதற்காக அதை மூட்டை கட்டாதே. இந்தத் தடவை பெரிய டாக்டரும் உட்காருவாராம். "நான் எழுதின சீட்டுலயே தப்பு இருந்தா என்ன பண்ணுவ?" என்று அவரே கேட்டாலும் கேட்பார். அதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நைட் ஷிப்ட் முடியும் என்றால் வர்றேன் என்று சொல், முடியாது என்றால் முடியாது என்று சொல். சம்பளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் தரையைப் பார்க்காமல் வாயைத் திறந்து கேள். போன இடத்தில் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், தப்பான பதில் சொன்னேன், சரியான பதில் இது என்று சொல்லிவிடு. நம் வீட்டில், உன் அம்மா வீட்டில், யாருக்கும் முடியாது என்று சொல்கிற வசதி இருந்ததில்லை. உனக்குத்தான் அதைச் சொல்வதற்கே சம்பளம் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை நம் வண்டி எட்டு மணிக்கெல்லாம் திண்டிவனத்தில் நிற்கும். ஏறிக்கொள். உன் அம்மா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்புவாள். விழுப்புரத்தில் இறங்கியதும் எனக்குக் கால் சும்மா இருக்காது, என்னை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வரட்டுமா, வெளியில்தானே நிற்கப் போகிறேன் என்று பின்னாலேயே வருவேன், கெஞ்சுவேன், உனக்குப் பாவமாகக்கூட இருக்கும். நீ நின்று திரும்பி, என் முகத்தைப் பார்த்து, "வராதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போ. நீ சொன்னதை நான் கேட்டுக்கொள்கிறேன்.